அட்டகாசத்துக்கு யார் ஒத்து?

ஒருவரைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி வைத்துக் கொடுமையாகச் சிரிப்பதைச் சொல்ல எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. எக்காளம், எகத்தாளம், நையாண்டி, கெக்கலி, அட்டகாசம். இவற்றில் முதல் மூன்றும் மேளக்காரர்கள் வீட்டுச் சரக்கு. நான்காவது வெறும் கைத்தட்டல். கடைசியில் இருப்பது மட்டும் கயிலாயத்திலிருந்து இறங்கி வந்தது.

தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை நான். பாபநாசம் வட்டத்தில் ஒரு சிற்றூர். நாகசுரக் குடும்பம். சிறுவயதில் தாய்மாமன் கோஷ்டியில் ஒத்து ஊதினேன். மின்சாரச் சுருதிப்பெட்டி வந்து ஒத்துக்காரனுக்கு வேலையில்லாமல் செய்த பிறகு மைக் செட் போட்டேன். இன்றுவரை அதுதான் தொழில். காதுகுத்து, கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா, கிராம சபை, பதினாறாம் நாள் காரியம் எல்லாவற்றுக்கும் போகிறேன். மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபையரோடு உட்கார்ந்திருப்பவனை யாரும் கவனிப்பதில்லை. அவனுக்கு எல்லார் குரலும் கேட்கும். யார் முதலில் சிரித்தது, யார் அரை நொடி பொறுத்துச் சிரித்தது என்பதும் கேட்கும்.

எக்காளம் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நீளமான, வளையாத உலோகக் குழல். சுவாமி புறப்பாட்டில் கொம்பு, திருச்சின்னம், எக்காளம் என்று முன்னால் ஊதிக்கொண்டு போவார்கள். அதில் ராகம் வாசிக்க முடியாது. வருகிறார், விலகு என்று சொல்வதற்கான கருவி அது. தமிழ் பைபிளிலும் கடைசி நாளில் ஊதப்படுவது எக்காளம்தான். ஜெயித்தவன் தோற்றவன் முகத்துக்கு நேரே சிரிப்பதை ‘எக்காளமிட்டான்’ என்று சொன்னவன் அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும்.

எகத்தாளத்தை எங்கள் வீட்டில் ஏகதாளத்தோடு சேர்த்தே சொல்வார்கள். ஏழு தாளங்களில் கடைசி அது. மற்றத் தாளங்களில் லகுவும் துருதமும் கலந்து வரும். துருவத்திலும் மட்டியத்திலும் போகிற வழியில் திருப்பம் இருக்கும். ஏகதாளத்துக்கு ஒரே லகு. திரும்பத் திரும்ப அதே அடி. ‘நீ என்ன கேட்டாலும் அவன் ஒரே தட்டாத் தட்டுறான் பாரு, அதுதான்டா எகத்தாளம்’ என்பார் மாமா. அகராதிக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, எனக்கு அந்த விளக்கம் போதும். எகத்தாளம் பேசுகிறவரிடம் நீங்கள் எந்தக் கேள்வியைக் கொண்டுபோனாலும் ஒரே பதில்தான் வரும்.

நையாண்டி மேளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நாகசுரம், தவில், பம்பை, உறுமி. முன்னால் கரகமோ காவடியோ பொய்க்கால் குதிரையோ. கல்யாணக் கச்சேரி வாசிக்கிற பெரிய மேளத்துக்காரர்கள் அவர்களைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பார்கள். சம்பளம் என்னவோ சில சமயம் அவர்களுக்குத்தான் கூட. கேலியால் மேளத்துக்குப் பேர் வந்ததா, மேளத்தால் கேலிக்குப் பேர் வந்ததா என்று மாமாவைக் கேட்டிருக்கிறேன். ‘ரெண்டும் ஒரே வீட்டுப் புள்ளைங்கடா’ என்று முடித்துவிட்டார். கெக்கலியோ சத்தத்திலேயே பிறந்த சொல். ஆனால் யாரும் கெக்கலி ‘சிரிப்பது’ இல்லை, கெக்கலி ‘கொட்டுகிறார்கள்’. கையைக் கொட்டிக்கொண்டு சிரிப்பது அது. சிரிப்புக்குத் தாளமும் அவர்களே போட்டுக்கொள்கிறார்கள்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். ஒருவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவதைக் குறிக்கும் சொற்களும் மேளத்திலிருந்தும் பஜனை மடத்திலிருந்தும்தான் வந்திருக்கின்றன. ஒத்து ஊதுவது. ஜால்ரா போடுவது. பின்பாட்டுப் பாடுவது. தாளம் தட்டுவது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராத்திக் கீர்த்தன பாணியைத் தமிழுக்குக் கொண்டுவந்து ஹரிகதையை நிலைநிறுத்திய ஊர் இது. அந்தக் கலையில் பின்பாட்டுக்காரருக்குப் பாடுவதைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு: பாகவதர் வேடிக்கைக் கதை சொன்னால் சபையில் முதலில் சிரிக்க வேண்டியவர் அவர். அவர் சிரித்தால்தான் சபைக்குத் தைரியம் வரும்.

எள்ளி நகைப்பதற்கும் ஆமாம் போடுவதற்கும் சொற்கள் ஒரே கொட்டகையிலிருந்து வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கொடுமையான சிரிப்பைத் தனியாகச் சிரிக்க முடியாது. சிரித்துப் பாருங்கள், பைத்தியம் என்பார்கள். அதற்குக் கோஷ்டி வேண்டும். எக்காளம் ஒருவர் கையில் இருக்கும், ஒத்து நாலு பேர் வாயில் இருக்கும்.

ஒத்து என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். பார்வைக்கு நாகசுரம் மாதிரியே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. கீழே சுருதி சேர்க்க இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்து வைத்திருப்போம். திருவாவடுதுறைச் சீவாளியை எச்சிலில் ஊறவைத்து வாயில் வைத்தால், ஊர்வலம் தெற்கு வீதியில் கிளம்பி நிலைக்கு வரும்வரை ஒரே சுருதி. கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும். சத்தம் அறுபடக் கூடாது. நரசிங்கம்பேட்டை ஆச்சா மர நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஒத்துக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. இருக்கும்போது காதில் விழாமல் இருப்பதுதான் அதன் இலக்கணம். நின்றுபோனால் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

இனி அட்டகாசம். பலர் ‘அட்ட’ என்பதை எட்டு என்று நினைக்கிறார்கள், அட்டமி, அட்டதிக்கு மாதிரி. அப்படியில்லை. இந்த அட்டத்துக்கு உயர்ந்த, உரத்த என்று பொருள். அட்டஹாஸம், பெருஞ்சிரிப்பு. பரிகாசத்தில் இருக்கும் அதே ஹாஸம். சிவனுடைய சிரிப்புக்குத்தான் முதலில் அந்தப் பேர் பொருத்தமாக அமைந்தது.

கதை தெரிந்ததுதான். திரிபுரத்தை அழிக்கக் கிளம்பினார் சிவன். பூமி தேர், சூரியனும் சந்திரனும் சக்கரம், மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு. தேவர்கள் ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் ஒரு எண்ணம்: நாம் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்குமா? சிவன் ஒரு சிரிப்புச் சிரித்தார். மூன்று கோட்டையும் எரிந்துபோயின; அம்புக்கு வேலையே இல்லை. அட்டவீரட்டத் தலங்களில் ஆறு எங்கள் காவிரிப் படுகையில்தான்: கண்டியூர், பறியலூர், வழுவூர், விற்குடி, குறுக்கை, கடவூர். சிரித்து எரித்த கதைக்குரிய அதிகையோ வடக்கே கெடிலக் கரைக்குப் போய்விட்டது. அந்தக் குறையைத் தீர்க்கத்தானோ என்னவோ, ராஜராஜன் பெரிய கோயில் விமானத்தின் மேல்வரிசை மாடங்களில் திரிபுராந்தகரைத் திரும்பத் திரும்பச் செதுக்க வைத்தான். உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தாரே, அதிலும் திரிபுரம் எரித்த காட்சிதான் பெரிது.

அந்தக் கதையில் என் காதில் விழுவது ஒன்றுதான். அந்தச் சிரிப்புக்கு ஒத்து கிடையாது. கூட வந்த கோஷ்டி சிரிக்கவில்லை. சொல்லப்போனால் கோஷ்டியின் கர்வத்தைப் பார்த்துத்தான் அவர் சிரித்ததே. இன்றைக்கு நாம் அட்டகாசம் என்று சொல்வதற்கும் அதற்கும் இடையே எவ்வளவு தூரம்!

பத்திரிகையைப் புரட்டினால் ‘காட்டு யானைகள் அட்டகாசம்’, ‘குரங்குகள் அட்டகாசம்’, ‘ரவுடிகள் அட்டகாசம்’. யானை பாவம், அது சிரித்ததாக யாரும் சொல்லவில்லை. சிரிப்புப் போய் அடாவடி மட்டும் மிஞ்சியது இரண்டாம் கட்டம். மூன்றாம் கட்டத்தில் அதுவும் போய், பிரியாணி அட்டகாசம், பாட்டு அட்டகாசம், மாப்பிள்ளைத் தோரணை அட்டகாசம். 2004 தீபாவளிக்கு அஜித் படத்துக்கே அதுதான் பேர். ஒரு சொல் பொருள் மாறுவது குற்றமில்லை. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணமாக இருந்ததை ஏழாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் இந்தச் சொல் மாறிய அதே காலத்தில் இன்னொன்றும் மாறியிருக்கிறது. கொடுமையான சிரிப்பு யாருக்குச் சொந்தம் என்பது.

மெலட்டூருக்கு வைகாசி நரசிம்ம ஜெயந்தியின்போது போய்ப் பாருங்கள். அச்சுதப்ப நாயக்கர் கொடுத்த மானியத்தில் அமைந்த ஊர். வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரத்தை விடியவிடிய ஆடுவார்கள். சாலியமங்கலத்திலும் பாகவத மேளம் உண்டு. இரணியன் வருவான், தொடை தட்டுவான், உறுமுவான், மகனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான். தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாத எங்கள் ஊர்க் கிழவிகள் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு ஒரு கிழவிகூட உடன் சிரித்ததில்லை. ‘சிரிடா, சிரி. தூண் பொளக்கத்தான் போவுது’ என்று வெற்றிலையை மடிப்பாள்.

சினிமாவிலும் அப்படித்தான் இருந்தது. பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பை நினைவிருக்கிறவர்கள் இன்னும் இருப்பீர்கள். காங்கேயத்துக்காரர். மகாதேவி (1957), நாடோடி மன்னன் (1958), வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958). அடிவயிற்றிலிருந்து கிளம்பி மூன்று அடுக்காக ஏறும் சிரிப்பு. அய்யம்பேட்டை கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த நாங்கள் வெளியில் வந்து அதைப் போலவே சிரித்துப் பழகுவோம். ஆனால் படம் ஓடும்போது அவரோடு சேர்ந்து யாரும் சிரித்ததில்லை. திரையில் அவருக்குப் பின்னால் நிற்கும் அடியாட்கள் நாலு பேர்தான் சிரிப்பார்கள். வில்லன் சிரித்தால் அடியாள் சிரிப்பான், ஜனம் சிரிக்காது. இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெளிவாக இருந்தது.

எப்போது கலைந்தது என்று தேதி சொல்ல முடியாது. கரகாட்டக்காரன் (1989) எங்கள் மாதிரி மேளக் கோஷ்டியைப் பற்றிய படம். நாங்களே ரசித்துப் பார்த்தோம். அதில் அடிக்கிறவர் ஒருவர், அடிவாங்குகிறவர் ஒருவர், தலையையும் உடம்பையும் சொல்லித் திட்டத் திட்டக் கொட்டகை குலுங்கும். இன்னும் கொஞ்ச காலம் போனதும் கதாநாயகனே பக்கத்தில் நிற்கும் கறுப்பான பெண்ணை, குண்டான நண்பனை, திக்கிப் பேசுகிறவனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். அடியாட்கள் செய்த வேலையை நாம் டிக்கெட் வாங்கிச் செய்தோம். இரணியன் சிரிப்புக்கு வெற்றிலை மடித்த கிழவியின் பேரன் பேத்திகள் இப்போது கைபேசியில் அதைப் பார்த்துக் கெக்கலி கொட்டுகிறார்கள். அட்டகாசம் பாராட்டுச் சொல்லாகாமல் வேறென்ன ஆகும்?

கூலிக்குச் சிரிப்பது புதிதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நாடகக் கொட்டகைகளில் ‘கிளாக்’ என்ற கூட்டம் இருந்தது. கைதட்ட ஆள், சிரிக்க ஆள், கைக்குட்டையோடு அழுவதற்குப் பெண்கள். 1820-இல் இதற்கென்று ஆள் அனுப்பும் கம்பெனியே அங்கே திறந்தார்கள். அமெரிக்காவில் 1950-களில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் சிரிப்புகளைப் பதிவுசெய்து ஒரு பெட்டிக்குள் அடைத்தார். பொத்தானை அழுத்தினால் தேவையான சிரிப்பு வரும். என் தொழில்காரர். அவருக்கு முன்னால் ஒத்துக்காரன் வேலையைப் பெட்டிக்குள் அடைத்தவர் யாரும் இல்லை என்று நினைக்கிறேன். இங்கே தொலைக்காட்சியில் அந்தப் பெட்டி ஓயாமல் ஓடுகிறது. அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெட்டி சிரித்தால் பெட்டியை நிறுத்திக்கொள்ளலாம்.

சம்பளமே இல்லாமல் சிரிக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராம சபை. ஊர் பேர் வேண்டாம். தெற்குத் தெருவிலிருந்து வயதான ஒருவர் எழுந்தார். அவர்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. மழைக்காலத்தில் யாராவது செத்தால், முழங்கால் சேற்றில், நட்ட வயலுக்குள் இறங்கித்தான் பாடையைத் தூக்கிப் போக வேண்டும்; வயல்காரர் சண்டைக்கு வருவார். டெல்டாவில் இது ஒரு ஊர்க் கதை இல்லை. பாதை எப்ப சாமி வரும் என்று கேட்டார். மேடையிலிருந்து பதில் வந்தது: ‘ஒனக்கென்னய்யா அவசரம்? நீ இன்னும் கெளம்பலியே!’

என் பெட்டி வழியாகத்தான் அது ஊருக்குப் போனது. முதல் சிரிப்பு மேடையிலேயே, பேசியவரிடமிருந்து. பிறகு ஒரு இடைவெளி. மேளத்தில் இருந்தவனுக்கு அது ஒரு அட்சரம்கூட இல்லை என்று தெரியும். அந்த இடைவெளியில் ஜனங்கள் பக்கத்தில் உள்ளவர் முகத்தைப் பார்க்கிறார்கள். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு இரண்டு பேர், பிறகு கொட்டகை முழுக்க. கடைசியில், கேட்ட பெரியவரும் சிரித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். பாதை வரும், வராது, ஆய்வில் இருக்கிறது என்று யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதில் எதுவும் பதிவேட்டில் ஏறவில்லை.

இதற்கு ஒரு பழைய தமிழ்க் கணக்கு உண்டு. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல்தான் முதலில். உரையெழுதிய பேராசிரியர், எள்ளலில் இரண்டு நகையைக் காட்டுகிறார். தான் பிறரை எள்ளி நகைப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகைப்பது இன்னொன்று. தமிழாசிரியர் ஒருவர் மேடையில் இதைச் சொன்னபோது பெட்டிக்குப் பின்னால் இருந்து கேட்டேன். அந்த இரண்டாவது நகையை நான் சுடுகாட்டுப் பாதை கேட்டவர் முகத்தில்தான் பார்த்தேன்.

கொள்முதல் நிலையத்திலும் அதுதான். குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால் நெல் காயாது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி; 22 வரை விடுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் விவசாயிகள் கேட்பார்கள். தார்ப்பாயில் நெல்லைக் கொட்டி நாள்கணக்காகக் காத்திருக்கும் ஒருவர் மீட்டரில் என்ன காட்டுகிறது என்று எட்டிப் பார்த்துக் கேட்டால், ‘ஒம் பொண்டாட்டி தலை துவட்டுன துண்டுல அளந்தேன்யா’ என்று ஒரு பதில். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களும் விவசாயிகள்தான். அவர்கள் நெல்லும் அதே தரையில்தான் கிடக்கிறது. அதனால்தான் சிரிக்கிறார்கள்.

நீடாமங்கலத்தில் 1937 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்காகத் தாழ்த்தப்பட்டவர்களை அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். அடி வலிக்கும், சரி. மொட்டை எதற்கு? ஊர் பார்த்துச் சிரிப்பதற்கு. சிரிக்க ஊர் இல்லையென்றால் மொட்டைக்கு அர்த்தமே கிடையாது. 1943-இல் தென்பரையில் விவசாயச் சங்கம் தொடங்கி, பி. சீனிவாச ராவ் வயல்வயலாக நடந்து, 1944-இல் மன்னார்குடியில் மிராசுதார்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சவுக்கடியும் சாணிப்பாலும் நிற்க வழி பிறந்தது. ஒப்பந்தத்தில் சிரிப்பைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எழுதவும் முடியாது.

நான் சிரிப்புக்கு விரோதி இல்லை. நையாண்டி மேளத்துக்காரன் திருவிழாவில் நாட்டாமையின் நடையை அவர் முன்னாலேயே நடந்து காட்டுவான். நாட்டாமை பல்லைக் கடித்துக்கொண்டு பத்து ரூபாய் குத்துவார். நடவு நடும் பெண்கள் வரப்பில் குடைபிடித்து நிற்கும் பண்ணையாரைப் பாட்டிலேயே உரித்துவிடுவார்கள். நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தில் சோறு வர நேரமானதற்குக் காளமேகம் பாடியதைச் சொல்லாத தமிழாசிரியர் உண்டா? அதெல்லாம் கீழேயிருந்து மேலே போகும் சிரிப்பு. சத்திரத்துக்காரருக்கும் பண்ணையாருக்கும் பதிலடி கொடுக்கக் கையில் சாவி இருந்தது, நிலம் இருந்தது. சேற்றில் நிற்கிறவளுக்கு அந்தப் பாட்டு மட்டும்தான்.

ஒரு ஜானவாச ஊர்வலம் ஞாபகம் வருகிறது. பெரிய வீட்டுக் கல்யாணம், பெட்ரோமாக்ஸ் விளக்கு, திறந்த கார். எங்கள் தவில்காரருக்கு ஒரு கால் கட்டை. மாப்பிள்ளையின் உறவுக்காரப் பையன் ஒருவன் அவருக்கு முன்னால் போய், அவர் மாதிரியே நொண்டி நொண்டி ஆடினான். காரைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தவில்காரர் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார். மாமா நாகசுரத்தை இறக்கினார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஒத்தை வாயிலிருந்து எடுத்தேன். அதுவரை அப்படி ஒரு சத்தம் இருந்தது என்பதே அப்போதுதான் தெருவுக்குத் தெரிந்தது. கார் நின்றது. பெண் வீட்டுப் பெரியவர் ஓடி வந்து, ‘ஏன் பிள்ளைவாள் நிறுத்திட்டீங்க?’ என்றார். ‘தம்பி ஆடி முடிச்சிடட்டும், நாங்க காத்திருக்கோம்’ என்றார் மாமா. பையன் கூட்டத்துக்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு மாமா வாசித்த கல்யாணியை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

மேடையில் இருக்கிறவர்களைத் திருத்த எனக்குத் தெரியாது. எக்காளம் கையில் கிடைத்தவன் ஊதத்தான் செய்வான். நான் பேசுவது முன்வரிசையோடு. அந்த அரை நொடி உங்களுடையது. பக்கத்தில் உள்ளவர் முகத்தைப் பார்க்காமல், எழுந்து நிற்கிறவர் முகத்தைப் பாருங்கள். அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம், எதிர்த்துப் பேசக்கூட வேண்டாம். ஒத்து இல்லாமல் ஒரு அடி வாசித்துப் பார்க்கட்டும்.

என் பங்குக்கு ஒரு ஏற்பாடு. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வழக்கமாக மேடையில் மட்டும் மைக் இருக்கும். கீழேயிருந்து கேட்கிறவர் தொண்டையால்தான் கேட்க வேண்டும். அதனால்தான் கேள்வி யார் காதிலும் விழாமல் கேலி மட்டும் குழாய் வழியாக ஊருக்குப் போகிறது. எனக்கு மைக் செட் சொல்கிறவர்களிடம் இப்போதெல்லாம் முன்கூட்டியே பேசிவிடுகிறேன். இரண்டு மைக் வரும். ஒன்று மேடையில், ஒன்று கீழே ஸ்டாண்டில், பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம். இரண்டுக்கும் ஒரே அளவு சத்தம்; திருகு என் கையில்தான் இருக்கும். கீழே உள்ள மைக்குக்கு வாடகை இல்லை.